பட்டறையா, செயலியா, கொப்பியா?

வவுனியாவில் உயர்கல்விக்கு வந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஒப்படையைக் கடைசி இரவில் தொடங்கி, விடியவிடிய எழுதி, கண் சிவக்கக் கொண்டுவந்து தருவார்கள். இந்தப் பழக்கத்தை மாற்ற இரண்டு ஆண்டுகளில் மூன்று வழி பார்த்தாயிற்று. இப்போது மூன்றாவதில் நிற்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ஒருநாள் பட்டறை. வெளியிலிருந்து வளவாளர், பவர்பொயின்ட், மத்தியானம் சோத்துப் பார்சல், கடைசியில் ஒரு குறூப் படம். நல்லதும் உண்டு. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுவது தன்னுடைய குறை மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்கள், பக்கத்தில் இருப்பவனும் அப்படித்தான் என்று கண்டு சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை நடந்தது, திங்கட்கிழமை மறந்துபோனது.

அடுத்தது செயலி. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறை. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறை மணிக்கூட்டை வைத்துத் தொடங்கியது. மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டவருக்கு இது உதவும். வந்து உட்காருவதுதானே பாடு! அதோடு மணிக்கூடு போனுக்குள் இருந்தால் பச் வட்சப் குறூப்பும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை வீட்டிலிருந்து பழைய அலாரம் மணிக்கூட்டைக் கொண்டுவந்தாள். செயலியைவிட அது திறம்.

மூன்றாவது, கொப்பி. செவ்வாய்க்கிழமை வகுப்பின் முதல் பத்து நிமிடம். எப்போது, எங்கே, எது என்று ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது வெறும் எண்ணத்தைவிட வேலை செய்யும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதியதிலிருந்து எடுத்தது. ஒருவன் எழுதியது இது: 'வியாழன் இரவுச் சாப்பாடு முடிந்ததும், விடுதி வாசிப்பறை, போன் அறையில், ஒப்படை 2 முதல் பந்தி.' அடுத்த செவ்வாய் பக்கத்தில் இருப்பவர் அதை வாசித்து நடந்ததா என்று கேட்பார். நான் புள்ளி போடுவதில்லை.

தொடங்குவதைப் பொறுத்தவரை மூன்றும் லேசுதான். அறுந்துபோன பிறகு எது மறுபடி ஒட்டுகிறது? என் முடிவு இந்தக் கேள்வியில்தான் வந்தது. வன்னியில் எதுவும் அறாமல் ஓடாது. மாசியில் காலபோக அருவி வெட்டு. மெசின் வந்து வெட்டினாலும் நெல் காயவிட, மூட்டை கட்ட ஆள் வேண்டும். முத்தையன்கட்டுப் பக்கத்துப் பொடியன் ஒருவன் ஒன்பது நாள் வரவில்லை. திரும்பி வந்து கொப்பியைத் திறக்காமலே இருந்தான்.

"விட்டுட்டன் சேர். இனி என்னத்துக்கு?"

"எதில விட்டனீர்?"

"ரெண்டாம் ஒப்படை, மூண்டாம் பந்தி."

"அப்ப அதிலயிருந்து ஒரு வரி எழுதும்."

எழுதினான். பட்டறையில் இப்படிக் கேட்க அடுத்த நாள் ஆள் இல்லை. செயலியோ 'தொடர்ச்சி 0 நாள்' என்று காட்டும். அதைப் பார்த்தவன் அழித்துவிட்டுப் போய்விடுகிறான். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது: முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த மன்னிப்பைப் பக்கத்து வாங்கில் இருப்பவர் வாங்கித் தருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

செலவும் இருக்கிறது. வாரம் பத்து நிமிடம் போனதில் பாடத்திட்டத்தில் ஒரு அலகு பின்தங்கினேன். நான் செய்து பார்த்தது முப்பது நாற்பது பேர் கொண்ட இரண்டு வகுப்பில் மட்டும். இருநூறு பேர் இருக்கும் மண்டபத்தில் பட்டறையே மேல் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன்.

விடுதிப் பிள்ளைகளுக்குப் பொருந்திய அளவுக்கு, தினம் பஸ்ஸில் வந்துபோகிறவர்களுக்கு இது பொருந்தவில்லை. இடமும் நேரமும் அவர்கள் கையில் இல்லையே. செட்டிகுளத்திலிருந்து வரும் ஒருத்தி 'பஸ்ஸில் இருக்கை கிடைத்ததும் வாசிப்பேன்' என்று எழுதினாள். வாரம் முழுக்க இருக்கை கிடைக்கவில்லை. அடுத்த செவ்வாய் அதை வெட்டிவிட்டு, 'வீட்டில் விளக்கு வைத்ததும்' என்று மாற்றினாள். அந்த வாரம் மூன்று நாள் நடந்தது.