தமிழ் சொல் அட்டை பெட்டி வாங்கலாமா? கோத்தகிரில 11 பிள்ளைங்களோட 6 மாசம் யூஸ் பண்ணின அனுபவம்

சாயந்திரம் 5 மணிக்கு மேல எங்க வீட்டு ஹால்ல பக்கத்து பிள்ளைங்களுக்கு தமிழ் வாசிக்க சொல்லித் தர்றேன். 2021 கடைசில இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப தன்னார்வலரா சேர்ந்தேன், அப்படியே தொடருது, இப்ப ஒண்ணாவதுல இருந்து மூணாவது வரைக்கும் 11 பேரு வர்றாங்க. பாதி பேரு எங்க ஹட்டி பிள்ளைங்க (படுகர் ஊர ஹட்டின்னு சொல்வோம்), வீட்டுல படுகு மொழி பேசுவாங்க, மீதி பேரு எஸ்டேட் லைன் வீட்டுல இருந்து வர்றவங்க.

போன வருஷம் ஸ்கூல் திறந்த நேரத்துல ஊட்டில ஒரு ஸ்டேஷனரி கடைல இந்த பெட்டிய 380 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ள 120 அட்டை, ஒவ்வொண்ணுலயும் மேல பெருசா கலர் படம், கீழ சொல், பின்பக்கம் வெறும் வெள்ளை. எழுத்து நல்லா பெருசா தெளிவா இருக்கு, வளைவு நெளிவு போட்டு அலங்காரம் பண்ணாம விட்டிருக்காங்க, அது ரொம்ப நல்ல விஷயம்.

மொத வாரம் ரெண்டாவது படிக்கிற ஒரு பையன் 40 அட்டைய மடமடன்னு சொன்னான், எனக்கு அவ்வளவு சந்தோஷம், அவங்க அம்மாகிட்ட கூட சொல்லிட்டேன். மறுநாள் எதேச்சையா என் கட்டை விரல் முயல் படத்த மறைச்சிடுச்சு, பையன் அட்டைய பாக்காம என் மூஞ்சிய பாக்கறான். அப்பதான் புரிஞ்சுது, இவ்வளவு நாளா அவன் வாசிச்சது படத்த, எழுத்த இல்ல. இன்னொரு பாப்பா பால் அட்டைய பாத்ததும் "ஹாலு"ன்னு சொன்னா. படுகுல ஹாலு தானே. பொருள் சரி, ஆனா எழுத்து பக்கமே கண்ணு போகல. தப்புன்னு சொல்லல, "ஆமா தங்கம், ஹாலுதான், ஆனா இங்க மொத எழுத்து என்ன இருக்குன்னு பாரு"ன்னு படத்த மூடினேன். விரல வச்சு ப... பா... பால்னு மெதுவா வந்துச்சு, வந்ததும் அவளே "அக்கா, ஹாலு தான் பாலா!"ன்னு கேட்டா பாருங்க, அந்த ஒரு நிமிஷம் போதும் எனக்கு.

அதனால வாங்கறவங்க மொத வேலையா ஒரு மார்க்கர் எடுத்து பின்பக்க வெள்ளைல அந்த சொல்ல மட்டும் பெருசா எழுதிடுங்க. நான் அப்படித்தான் பண்ணேன், 120 அட்டைக்கும் ரெண்டு ராத்திரி ஆச்சு. படம் இருக்கற பக்கம் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல, வெள்ளை பக்கம் வாசிக்க. மொதல்ல ஆறு அட்டைய தரைல பரப்பி நான் சொல் சொல்லுவேன், அவங்க எடுக்கணும், அதுக்கப்புறம் தான் அவங்க வாயால வாசிக்கணும், ஏன்னா கேட்டு எடுக்கறது சுலபம், பாத்து சொல்றது கஷ்டம்.

பெட்டில எனக்கு ரொம்ப வருத்தம் என்னன்னா வரிசையே இல்ல. மரம், படம், பழம்னு கால், கொம்பு மாதிரி குறி எதுவும் இல்லாத சொல்லு கூடவே கொக்கு, சேவல், பூனை எல்லாம் கலந்து கிடக்கு. பெரியவங்களுக்கு இது தெரியாது, ஆனா பிள்ளை கண்ணு இடமிருந்து வலமா போகும்போது "கொ"ல மொதல்ல ஒற்றைக்கொம்ப பாக்குது, அப்புறம் க, அப்புறம் கால், வாய் மட்டும் ஒரே சத்தமா சொல்லணும். ஒருத்தன் "கெ... கா... க்கு"ன்னு தான் ஒரு வாரம் வாசிச்சான். கு, சு, து, பூன்னு உகரம் ஊகாரம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும், அத திரும்ப திரும்ப பாத்து தான் பழகணும். நான் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து பிரிச்சேன், குறி இல்லாதது, கால் வர்றது, இகரம் ஈகாரம், உகரம் ஊகாரம், கடைசியா கொம்பும் ஐகாரமும். பிரிச்சதுக்கு அப்புறம் தான் பிள்ளைங்களுக்கு பிடி கிடைச்சுது. 216 உயிர்மெய் இருக்கற மொழில கம்பெனிக்காரங்க இந்த ஒரு வேலைய பண்ணிருக்கணும்.

அட்டைப்பெட்டி மேலயே "பயிற்ச்சி"ன்னு அச்சாகியிருக்கு. ற் பக்கத்துல இன்னொரு மெய் வராது, பயிற்சி தான். வாசிக்க பழகற பிள்ளை தினமும் பாக்கற இடத்துல இப்படி இருக்கலாமா? நான் வெள்ளை பேப்பர் ஒட்டி மறைச்சுட்டேன்.

அட்டை கனம் பத்தாது. ஐப்பசி கார்த்திகைல இங்க அடிக்கற மழைக்கு ஓரம் எல்லாம் சுருண்டு போச்சு, மலைல இருக்கறவங்க வாங்கினதும் லேமினேஷன் போட்டுடுங்க. ஆனா அதே மழைல கரண்ட் இருக்காது, டவர் இருக்காது, போன் ஆப் எதுவும் ஓடாது, மெழுகுவர்த்தி வெளிச்சத்துலயும் அட்டை வச்சு பாடம் நடந்துச்சு.

பெட்டில "30 நாளில் சரளமான வாசிப்பு"ன்னு போட்டிருக்காங்க, அத நம்பாதீங்க. அட்டை சொல்ல அடையாளம் காண உதவும், சத்தமா வாசிக்கறது வேற பழக்கம், அதுக்கு கதை வேணும். ஸ்கூல்ல வாசிப்பு இயக்கத்துல குடுக்கற சின்ன புத்தகம் நுழை, நட, ஓடு, பறன்னு படி படியா இருக்கு, அதுல நுழைல இருந்து ஆரம்பிச்சேன். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட்லயும் தமிழ் கதை இலவசமா இருக்கு, டவர் கிடைக்கற நாள்ல இறக்கி பிரின்ட் எடுத்து வச்சுப்பேன். நான் ஒரு வரி வாசிப்பேன், அப்புறம் எல்லாரும் விரல் வச்சு என் கூடவே, அப்புறம் ஒவ்வொருத்தரா. அதே பக்கம் மூணு நாலு நாள். மொத நாள் எழுத்து எழுத்தா திக்கறவங்க நாலாவது நாள் மூச்சு விடாம வாசிப்பாங்க, மனப்பாடமான்னு சந்தேகம் வந்தா நடுவுல ஒரு சொல்ல தொட்டு கேளுங்க. "இருக்கிறது"ன்னு இருக்கறத "இருக்கு"ன்னு வாசிச்சா உடனே திட்டாதீங்க, அர்த்தம் புரிஞ்சதால தான் பேச்சு வழக்குல வருது, ரெண்டாவது தடவை எழுத்த காட்டினா போதும்.

இன்னொண்ணு, பெட்டில ஒட்டகம் இருக்கு, திராட்சை இருக்கு, தேயிலை இல்ல. பழைய காலண்டர் அட்டைய வெட்டி நாங்களே தேயிலை, பனி, மேரக்காய், வர்க்கி, காட்டெருமைன்னு எழுதினோம். காட்டெருமை எவ்வளவு நீளமான சொல், ஆனா தினமும் தோட்டத்துல பாக்கற பிராணி இல்லையா, மூணே நாள்ல எல்லாரும் வாசிச்சுட்டாங்க. கட்டபெட்டு, அரவேனுன்னு பஸ் போர்டு பேரும் எழுதி வச்சிருக்கோம்.

380 ரூபாய்க்கு வீட்டுல ஒரு பிள்ளைக்குன்னா கொஞ்சம் அதிகம், காலண்டர் அட்டையே போதும். என்னை மாதிரி பத்து பேர வச்சு சொல்லித் தர்றவங்க தாராளமா வாங்கலாம். பெட்டில இருந்த நம்பருக்கு போன் பண்ணி வரிசையும் எழுத்துப்பிழையும் பத்தி சொன்னேன், குறிச்சுக்கறோம்னு சொன்னாங்க. புது பெட்டி வந்து மாத்தியிருந்தா இங்கயே வந்து எழுதறேன்.