விண்டோஸ் 11-க்கு மாறும்போது பேக்கப்: கிளவுடா, ஹார்ட் டிஸ்கில் முழு இமேஜா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. நாகர்கோவிலில் டிடிபி கடை (கணினியில் பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைத்துத் தரும் கடை) நடத்தும் நானும் அதையொட்டிக் கடைக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். மாற்றுவதற்கு முன் என்னிடம் மூன்று வழிகள் இருந்தன: கோப்புகளைக் கிளவுடில் ஏற்றி வைப்பது, அவற்றை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வைப்பது, கணினியின் முழு வட்டையும் ஒரே சிஸ்டம் இமேஜாக, அதாவது விண்டோஸ் உட்பட எல்லாவற்றின் முழு நகலாக எடுத்து, அதே வெளி ஹார்ட் டிஸ்கில் வைப்பது. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் என்னைப் போன்ற வேலையில் இருப்பவர்களுக்கு அதையே சொல்வேன்.

எல்லோரும் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. கூகுளில் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலும் படங்களும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் இடம். அதற்கு மேல் வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். ஹார்ட் டிஸ்கை ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் அது கீழே விழுந்தால் போயிற்று. கிளவுடில் உள்ள கோப்பைக் கைப்பேசியிலும் திறக்கலாம். மேசை இழுப்பறையில் கிடக்கும் டிஸ்கை அப்படித் திறக்க முடியாது.

மாறிய பின் வரும் கோளாறுகளில் பாதிக்கு பேக்கப்பே தேவைப்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய லேசர் பிரிண்டர் வேலை செய்யவில்லை, ஒலி வரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் டிரைவரை (அந்தக் கருவியை விண்டோஸோடு இணைக்கும் சிறு மென்பொருளை) பழைய பதிப்புக்குத் திருப்புவதோ, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாக நிறுவுவதோ பெரும்பாலும் போதும். சிஸ்டம் கோப்புகள் கெட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அவற்றைச் சரிபார்த்துச் சீராக்கும் டிஐஎஸ்எம், எஸ்எஃப்சி என்ற இரு விண்டோஸ் கட்டளைகளை ஓட்டிப் பார்க்கலாம். எதுவும் சரிவரவில்லையென்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குள் ‘கோ பேக்’ என்ற வசதி இருக்கிறது. மாறிய 10 நாள்களுக்குள் அதை அழுத்தினால் பழைய விண்டோஸ் திரும்பி வரும். அந்தப் பத்து நாள்களுக்குள்ளாகவே ஒரு டிஐஎஸ்எம் கட்டளையால் கெடுவை 60 நாள்கள் வரை நீட்டிக்கவும் முடியும். ஆனால் இந்த வசதி முழுவதும் சி டிரைவில் உள்ள ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறையை நம்பியிருக்கிறது. இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் அதை அழித்துவிட்டாலோ, வட்டே பழுதாகிவிட்டாலோ திரும்பிச் செல்ல வழி இருக்காது.

இதற்கும் மேலே போகும் கோளாறுதான் உண்மையான சோதனை. கணினி திரையே காட்டாமல் நின்றுவிட்டது, சர்வீஸுக்குக் கொண்டுபோகிறோம், “பார்மட் போட்டாதான் சரியாகும்” என்கிறார்கள். அந்த நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி, கோப்புகள் பத்திரமாக இருக்கின்றனவா என்பது மட்டுமன்று; கடையைத் திறந்து அடுத்த வேலையை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதே. என் தேர்வை முடிவு செய்தது இந்த ஒரே கேள்வி.

எங்கள் தொழிலில் பழைய கோப்பு என்பது பழையதாகிப் போவதே இல்லை. கோயில் கொடை நோட்டீஸ், ஊர்த் திருவிழா அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி எல்லாம் முன்பு செய்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. கமிட்டிக்காரர்கள் வந்து, “போன வருசத்து நோட்டீஸையே எடுத்துத் தேதிய மட்டும் மாத்திருங்க அண்ணாச்சி” என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோப்பு பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கும். எழுத்து பாமினியிலோ, யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரம்) அல்லாத வேறொரு பழைய எழுத்துருவிலோ இருக்கும். தமிழ்நாடு அரசு யூனிகோடை 2010-ஆம் ஆண்டிலேயே தரமாக அறிவித்துவிட்டது என்றாலும், அதற்கு முன்பும் பின்பும் தட்டச்சிட்டுக் குவித்த கோப்புகள் அப்படியே இருக்கின்றன. இந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால், கோப்பு முழுதாக இருந்தும் திரையில் தெரிவது ஆங்கில எழுத்துகளின் குவியல்தான். பாமினியில் தட்டச்சிட்டதாக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நிற்கும்.

கிளவுட் வழியின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. ஒன்டிரைவ் தானாகவே காப்பது பொதுவாக டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற பயனர் கோப்புறைகளை மட்டுமே. எழுத்துருக்கள் இருப்பது விண்டோஸ் கோப்புறைக்குள். பேஜ்மேக்கர் 2001-இல் வெளிவந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள். அதை மறுபடி நிறுவப் பழைய குறுந்தட்டும் சீரியல் எண்ணும் வேண்டும், குறுந்தட்டைப் படிக்க டிரைவும் வேண்டும். தமிழ்த் தட்டச்சு மென்பொருள், அதில் நாம் பழகிய விசைப்பலகை அமைப்பு, பிரிண்டரில் தாள் அளவுக்கு ஏற்பச் செய்து வைத்த அமைப்புகள் ஆகிய எதுவும் கிளவுடில் ஏறியிருப்பதில்லை. ஆகவே பார்மட் முடிந்து கோப்புகளெல்லாம் இறங்கி வந்த பிறகும், ஒரு கல்யாணப் பத்திரிகையைப் புரூஃப் எடுத்துக் கொடுக்கும் நிலைக்குக் கணினி வர மேலும் ஒன்றிரண்டு நாள்கள் போய்விடும். முகூர்த்த மாதத்தில் அந்த நாள்களை யார் தருவார்கள்?

இமேஜ் என்பது வட்டை அப்படியே உறைய வைத்தது போன்றது. விண்டோஸ், மென்பொருள்கள், எழுத்துருக்கள், அமைப்புகள், கோப்புகள் எல்லாம் எடுத்த நாளில் இருந்த நிலையிலேயே திரும்புகின்றன.

நேரக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. சி டிரைவில் 250 ஜிபி இருப்பதாக வைத்துக்கொள்வோம். யூஎஸ்பி 3.0 துளையில் செருகிய சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்பி வேகத்தில் படிக்கும். முக்கால் மணி நேரத்துக்குள் வேலை முடியும். அதே அளவை 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட், அதாவது சுமார் 6 எம்பி) இணைய இணைப்பில் இறக்கினால், இடையில் ஒரு தடங்கலும் இல்லாவிட்டாலும் சுமார் 11 மணி நேரம் ஆகும். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: பல கணினிகளில் உள்ளே நீல நிறம் தெரியும் துளைதான் யூஎஸ்பி 3.0; கறுப்புத் துளையில் செருகினால் அந்த முக்கால் மணி இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

இமேஜ் எடுக்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் 7 என்ற பெயரோடு இன்னமும் கிடக்கும் பேக்கப் பகுதியிலேயே சிஸ்டம் இமேஜ் உருவாக்கும் வசதி உண்டு. மைக்ரோசாஃப்ட் அதை மேம்படுத்துவதை விட்டுவிட்டது. ஆனாலும் வேலை செய்கிறது. குளோன்ஸில்லா என்ற கட்டற்ற மென்பொருளும் நம்பகமானதே, என்றாலும் அதன் இமேஜிலிருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுப்பது எளிதன்று. விண்டோஸ் எடுக்கும் இமேஜை ஒரு தனி டிரைவ் போலத் திறந்து, வேண்டிய கோப்பை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும். நான் விண்டோஸ் வசதியோடு நின்றுகொண்டதற்கு இதுவே காரணம். டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வட்டு வடிவில் பார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும். இமேஜ் கோப்புறையின் பெயரையும் இடத்தையும் மாற்றாமல் டிஸ்கின் வெளி அடுக்கிலேயே வைத்திருக்க வேண்டும். வேறொரு கோப்புறைக்குள் தள்ளிவிட்டால் மீட்புத் திரை அதைக் கண்டுபிடிக்காது.

இமேஜ் எடுத்து வைத்ததோடு பாதுகாப்பு வந்துவிடாது. விண்டோஸ் எழாதபோது மீட்புத் திரையைக் கொண்டுவரும் ரெக்கவரி டிரைவை ஒரு பென் டிரைவில் உருவாக்கி, கணினி அதிலிருந்து தொடங்குகிறதா என்று கோளாறு வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். விண்டோஸ் 11-இல் பல கணினிகளின் வட்டு நாம் கேளாமலேயே பிட்லாக்கர் என்ற விண்டோஸின் குறியாக்கப் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும். மீட்புத் திரை 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அதை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து, தாளில் அச்சிட்டு, பத்திரங்களோடு வைக்க வேண்டும். கணினி படுத்த பிறகு அதைத் தேடி அலைவது பெரும் வேதனை. மாறுவதற்கு முன் ஒரு இமேஜ், மாறி எல்லாம் சீராக ஓடத் தொடங்கிய பின் இன்னொன்று என இரண்டு இமேஜ்கள் எடுப்பது என் பழக்கம்.

கோப்புகளை மட்டும் ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்கும் நடுவழி, படங்களும் கடிதங்களும் மட்டுமே உள்ள வீட்டுக் கணினிக்குப் போதுமானது. கடைக்கு அது கிளவுடின் அதே குறையை வேகமாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

கிளவுடை நான் ஒதுக்கிவிடவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாள்களில் கிளவுடை எட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் கூரை பிய்ந்து மழை உள்ளே இறங்கினால், கணினியும் அதன் அருகில் உள்ள டிஸ்கும் சேர்ந்தே நனையும் என்பதும் உண்மை. ஐப்பசி இடியும் அப்படித்தான். செருகியபடி விட்ட டிஸ்கையும் சேர்த்து எரித்துவிடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸும் செருகியிருக்கும் டிஸ்கை விட்டுவைக்காது. ஆகவே இமேஜ் எடுத்து முடித்ததும் டிஸ்கைக் கழற்றி, கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். நடப்பில் உள்ள வேலைகளையும் எழுத்துருக் கோப்புறையின் ஒரு நகலையும் கிளவுடில் வைத்திருக்கிறேன். இவ்வளவுக்கு இலவச இடமே போதும். ஒத்திசைவில் இருக்கும் கோப்பைக் கணினியில் அழித்தால் கிளவுடிலும் அழியும் என்பதையும், ஒன்டிரைவின் தனிநபர் கணக்கில் குப்பைத்தொட்டி 30 நாள்கள்தான் தாங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரே கணினியின் இமேஜை அதே கணினியில் மீட்ட அனுபவம்தான் எனக்கு உண்டு. மதர்போர்டு மாறிய கணினியில் அது அப்படியே எழும் என்று நான் உறுதி தர மாட்டேன். பழைய வகையான 32-பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களின் நிலையும் வேறு: விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே இல்லாததால், அவர்கள் எல்லாவற்றையும் புதிதாகத்தான் நிறுவ வேண்டியிருக்கும், 16-பிட் காலத்துத் தமிழ் மென்பொருள்கள் அதில் ஓடவும் செய்யா. அவர்கள் பழைய கணினியை இமேஜ் எடுத்து வைப்பதோடு, பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலையையும் பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது.