எண்ணெய், ஊசி, தண்ணீர், ஸ்டெம்செல்: தண்டுவடக் காயத்துக்கு எது எதற்கு?

அண்ணன் தென்னை மரத்திலிருந்து விழுந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தண்டுவடத்தில் டி10 மட்டத்தில், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் மேலிருந்து பத்தாவதன் பக்கம் காயம். தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மாதமே சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விலாசத்தோடு வந்துவிட்டார்கள். கேரளத்தில் வெதுவெதுப்பான எண்ணெயை உடம்பில் பிழிந்து தேய்க்கும் பிழிச்சல், நாகர்கோவில் பக்கம் ஒரு வர்ம ஆசான், ஊசி குத்தும் அக்குபங்சர், அப்புறம் ஸ்டெம்செல், அதாவது வேறு செல்களாக மாறக்கூடிய செல்களை உடம்பில் செலுத்துவது. சிலவற்றைச் செய்து பார்த்தோம், சிலவற்றைப் படித்துப் பார்த்ததோடு விட்டோம்.

"நடக்க வைக்குமா?" என்ற கேள்வியோடு போனால் இந்த வரிசையில் எதுவும் தேறாது. தோள்வலிக்கு, விறைப்புக்கு, மலச்சிக்கலுக்கு, தூக்கத்துக்கு என்று பிரித்துக் கேட்டால்தான் ஒப்பிடவே முடியும்.

இன்னொரு சிக்கல் உண்டு. தண்டுவடம் முழுதாகச் சிதையாதவர்களுக்கு முதல் ஆறேழு மாதங்களில் உடம்பே கொஞ்சம் மீண்டுகொள்ளும். அந்த நேரத்தில் யாரிடம் போய்க்கொண்டிருந்தோமோ, அவருக்குப் பெயர் கிடைத்துவிடும். அண்ணனுக்கு எண்ணெய் தேய்க்கும்போது ஒருநாள் கால் வெட்டி இழுத்தது. "பாத்தீங்களா தம்பி, நரம்புக்கு உயிர் வந்துடுச்சு" என்றார் தேய்த்தவர். அம்மா அழுதேவிட்டார். மூளையின் பிடி விட்டுப்போன தண்டுவடம் தானாகக் காட்டும் துடிப்பு அது என்று பிசியோ வந்து விளக்கியபோது வீட்டில் யாருக்கும் கேட்கப் பிடிக்கவில்லை.

எண்ணெயிலிருந்தே தொடங்குகிறேன், நம் பக்கம் எல்லாரும் முதலில் போவது அங்கேதான். சித்த மருத்துவத்தில் தேய்த்துவிடும் தொக்கணமாகட்டும், கேரளப் பிழிச்சலாகட்டும், விறைத்த கால் சில மணி நேரம் தளரும், அன்றிரவு தூக்கம் வரும். வயிற்றைப் பெருங்குடலின் போக்கிலேயே வலமிருந்து இடமாகத் தடவிவிடுவது மலம் கழிக்க உதவுகிறது. எங்கள் வீட்டில் இன்றும் அது தினசரி வேலை. ஆனால் ஆபத்து அதிகம் இருப்பதும் இதில்தான், காரணம் சூடு. ஒரு வைத்தியசாலையில் அண்ணனின் தொடையில் கிழி ஒத்தடம் கொடுத்தார்கள். சுட்டால் சொல்லச் சொன்னார்கள். எப்படிச் சொல்வார்? சாயங்காலம் வேட்டி மாற்றும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தோம். ஆற இரண்டு மாதம் ஆனது.

எலும்பும் ஒரு கவலை. பாரம் தாங்காத கால் எலும்பு மெலிந்துபோகிறது. முரட்டுத்தனமாக மடக்கி இழுத்தால் தொடை எலும்பே முறியலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், ஸ்கேன் பார்க்கும்வரை யாரும் அதைத் தேய்க்கக் கூடாது. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு உடம்பின் பெரும்பகுதியில் வேர்க்காது, அவர்களை நீராவிப் பெட்டியில் உட்கார வைப்பது வம்பு.

டி6 அல்லது அதற்கு மேல் காயம் உள்ளவர்களுக்கு எந்தச் சிகிச்சையிலும் பொருந்தும் எச்சரிக்கை ஒன்று. உணர்ச்சியில்லாத பகுதியில் ஏற்படும் வலியோ நிரம்பிய சிறுநீர்ப்பையோ ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். தலை வெடிப்பதுபோல் வலி, முகம் சிவப்பது, வியர்ப்பது இதன் அடையாளங்கள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறையாவிட்டால் நேரே ஆஸ்பத்திரி.

உள்மருந்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் வெளிவந்த ஆய்வில், 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. தண்டுவடக் காயத்தில் சிறுநீரகம் ஏற்கெனவே கஷ்டப்படும் உறுப்பு, அதன் மேல் இவற்றையும் ஏற்ற வேண்டாம்.

அக்குபங்சர் அண்ணனுக்குத் தோளில் உதவியது. வீல்சேர் தள்ளித் தள்ளித் தோள் தேய்கிறதல்லவா, அந்த வலிக்கு. 2007-ல் வெளியான ஒரு சிறு அமெரிக்க ஆய்வு 17 வீல்சேர்காரர்களின் தோளைப் பார்த்தது. முறைப்படி அக்குபங்சர் புள்ளிகளில் ஊசி குத்தப்பட்டவர்களுக்கு வலி 66 சதவீதம் குறைந்தது, ஒப்பிட்டுப் பார்க்கவென்று அந்தப் புள்ளி அல்லாத இடத்தில் லேசாகக் குத்தப்பட்டவர்களுக்கும் 43 சதவீதம் குறைந்தது. புள்ளிவிவரப்படி இரண்டுக்கும் வித்தியாசம் உறுதியாகவில்லை. சரி, தோள்வலிக்கு முயன்று பார்க்கலாம், கால் வரும் என்று காசு கட்ட வேண்டாம். உணர்ச்சியற்ற இடத்தில் மூலிகையைக் கொளுத்திச் சூடு வைக்கவும் விடாதீர்கள்.

என் ஓட்டு தண்ணீருக்கு. மிதமான சூட்டில் உடம்பு மிதக்கும்போது விறைப்பு குறைகிறது, கொஞ்சம் பலம் மிச்சமுள்ள தசைகூட வேலை செய்கிறது. படுக்கைப் புண் இருந்தால் மட்டும் இறங்கவே கூடாது. குடலையும் சிறுநீர்ப்பையையும் முன்பே காலி செய்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் சரிவுப்பாதை வைத்த நீச்சல்குளம் ஏது? பம்புசெட் தொட்டியில்தான் இறக்கினோம். சிமெண்டுத் தரை குதிகாலை உரசித் தோலை எடுத்தது. அதற்கப்புறம் கெட்டி சாக்ஸ் போட்டுத்தான் இறக்குகிறோம்.

யோகாவில் மூச்சுப்பயிற்சி மட்டும் செய்கிறார். கழுத்துக் காயக்காரர்களுக்கு இருமும் பலமே பெரிய விஷயம் என்பதால் அவர்கள் கட்டாயம் யோசிக்கலாம். கம்பி, ஸ்குரு வைத்த முதுகை வளைக்கும் ஆசனங்களுக்கு முன் சர்ஜனைக் கேளுங்கள்.

ஸ்டெம்செல் இந்த ஒப்பீட்டில் வரவே கூடாது, ஆனால் எல்லாரும் கேட்பது அதைத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில நோய்களுக்கான ரத்த ஸ்டெம்செல் மாற்று சிகிச்சையைத் தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்கலாம். ஆய்வு என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பக்கவாதம், செயலிழப்பு குணமாகும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதையே 1954-ன் சட்டம் ஒன்று தடுக்கிறது. பேருந்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் போஸ்டர்களுக்கு அது தெரியாது போல.

அதே 1954-ல்தான் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் விபத்தில் கால்களின் செயலை இழந்தார். பிறகு வீல்சேரில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் உருவாக அவரே காரணம். சிறுநீர்ப்பை, தோல், வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு மாறுவது என்று இத்தகைய மையங்களில் சொல்லித்தரும் பாடம் முடிந்த பிறகுதான் நான் மேலே சொன்னவற்றுக்கெல்லாம் இடம்.

ஸ்டெம்செல்லுக்கென்று சித்தப்பா புரட்டிக் கொடுத்த பணம் எங்களிடம் இருந்தது. காற்று மெத்தை வாங்கினோம், குளியலறைக் கதவை அகலப்படுத்தினோம். மிச்சத்தை அண்ணன் கறாராகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.