மத்தீஸின் ரோஸ் கடல்: சில வருஷமாக எங்கள் வீட்டுச் சுவரில்

பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் 1905-ல் வரைந்த 'திறந்த ஜன்னல், கொலியூர்' ஓவியத்தின் பிரிண்ட் எங்கள் வீட்டு ஹாலில் சில வருஷமாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள், மீதிப் பேர் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். முதல் ரகத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அருமையான படம், சந்தேகமே இல்லை. ஆனால் மோசமான பிரிண்டையும் மோசமான வெளிச்சத்தையும் கொஞ்சமும் பொறுத்துக்கொள்ளாத படம்.

படத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பால்கனிக் கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது, வாசலில் பூந்தொட்டிகள், சுற்றிலும் கொடி, அப்பால் பாய்மரப் படகுகள், கடல். கடல் ரோஸ் நிறம். படகுகளின் பாய்மரத் தண்டுகள் ஆரஞ்சு. உள்ளே இடப்பக்கச் சுவர் நீலப்பச்சை, வலப்பக்கச் சுவர் நம்மூர் ஜவுளிக் கடையில் ராணி கலர் என்பார்களே, அதே. ராணி கலர் புடவைக்குப் பச்சை பார்டர் வைத்தால் இரண்டுமே தூக்கலாகத் தெரியும் இல்லையா, மத்தீஸ் செய்திருப்பதும் அந்தக் கணக்குதான். போதாக்குறைக்கு, அந்தப் பக்கத்து நிறத்தை இந்தப் பக்கக் கண்ணாடியில் தெரியவைத்து இரண்டையும் மாற்றி மாற்றி விளையாடியிருக்கிறார்.

கொலியூர் பிரான்ஸின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில், மத்தியதரைக் கடலோரம் இருக்கிற மீன்பிடி ஊர். அந்தக் கோடையில் மத்தீஸும் அவரைவிடப் பத்து வயது இளையவரான ஆந்த்ரே தெரேனும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தார்கள். நிழல் என்றால் பழுப்பு, தண்ணீர் என்றால் நீலம் என்கிற வழக்கத்தை இரண்டு பேருமே மதிக்கவில்லை. இலையுதிர்காலத்தில் பாரீஸ் கண்காட்சியில் இந்தப் படங்களை மாட்டியபோது பெரிய ரகளை. காட்டு விலங்குகள் (பிரெஞ்சில் 'ஃபோவ்') என்று லூயி வோசெல் என்ற விமர்சகர் கிண்டலடித்தார், அந்தக் கிண்டலே பிறகு ஃபோவிசம் என்ற ஓவிய இயக்கத்தின் பெயராக நிலைத்துவிட்டது. மூல ஓவியம் இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஜான் ஹே விட்னி குடும்பத்தின் சேகரிப்பிலிருந்து 1998-ல் அங்கே போனது.

சரி, பிரிண்டுக்கு வருவோம். மூலத்தின் அளவு 55.3 × 46 சென்டிமீட்டர். நிறைய பேருக்கு இது தெரியாது, இவ்வளவு புகழ் பெற்ற படம் என்றால் சுவர் நிறைய இருக்கும் என்று நினைத்து மூன்றடி, நான்கடியில் ஆர்டர் போடுகிறார்கள். நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. மத்தீஸ் தூரிகைத் தீற்றல்களுக்கு நடுவே வெறும் துணியை அங்கங்கே அப்படியே விட்டிருப்பார். மூல அளவில் அந்த இடைவெளிகளால்தான் படத்தில் காற்றோட்டம் வருகிறது. பெரிதாக்கினால் அதே இடைவெளிகள் காரை பெயர்ந்த சுவர் மாதிரி ஆகிவிடுகின்றன, கடல் மேல் இருக்கிற நீளத் தீற்றல்கள் பட்டைப் பட்டையாக வீங்கிப் போகின்றன. எங்களுடையது ஏறக்குறைய மூல அளவு. சுற்றி அகலமான மவுண்ட், அதாவது ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வருகிற தடித்த அட்டை, வைத்ததில் சுவரில் போதுமான இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண நான்கு மை அச்சில் இந்த நீலப்பச்சையும் இந்த ராணி கலரும் முழுசாக வராது, திரையில் பளிச்சென்று இருப்பது தாளில் சோர்ந்து போகும். எட்டு, பத்து மைகளில் அடிக்கிற பிக்மென்ட் (சீக்கிரம் மங்காத நிறமித் துகள் மை) பிரிண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்கூடு. இன்னொரு காரணமும் இருக்கிறது. கடை ஜன்னலில் வெயிலில் கிடக்கும் பழைய போஸ்டர்கள் எல்லாம் நீலம் பாரித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், மஞ்சளும் ரோஸும் முதலில் போய்விடும், நீலம் மட்டும் தங்கும். வேறு கடல் படம் என்றால் நீலம் மிஞ்சினால்கூட கடல் என்று சமாளிக்கலாம். இதில் ரோஸ் போனால் கடலே போச்சு, வலப்பக்கச் சுவரும் போச்சு. அதனால் நேர் வெயில் படுகிற சுவரில் மாட்டவே கூடாது. எங்கள் ஹாலில் மாலை வெயில் சோபா வரைக்கும்தான் வரும், எதிர்ச்சுவரை எட்டாது. நிறம் இதுவரை கண்ணுக்குத் தெரிகிற அளவில் மாறவில்லை.

அடிப்பதற்கு முன்னால் அருங்காட்சியகத் தளத்தில் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இணையத்தில் சுற்றுகிற பிரதிகளில் ஒன்றில் கடல் ஆரஞ்சாக இருக்கும், ஒன்றில் ஊதாவாக இருக்கும். கிளாஸி தாள் வேண்டாம், மேட் பருத்தித் தாள்தான் இதற்குப் பொருத்தம்.

வெளிச்சத்துக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் ராணி கலர் செங்கல் நிறத்துக்குச் சாய்கிறது, பச்சை அழுக்காகிறது. 6500 கெல்வின் வெள்ளை டியூப்பில் ரோஸ் கடல் மருந்துக்கடை மாதிரி குளிர்ந்து போகிறது. 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்று நூற்றுக்குச் சொல்கிற எண்) 90-க்கு மேல் இருக்கிற ஒரு எல்இடி போட்ட பிறகுதான் இரண்டு பக்கமும் சமமாக நின்றன. பல்ப் வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்க்காமல் அட்டையில் சிஆர்ஐ எவ்வளவு என்று பாருங்கள். எங்கள் சித்தப்பா பழைய டியூப்லைட்டில் பார்த்துவிட்டு "இது என்னப்பா, கடல் எங்கேயாவது ரோஸா இருக்குமா?" என்றார். புது பல்பில் பார்த்த பிறகும் அதையேதான் கேட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் இப்போது வந்தால் அந்தப் படத்துக்கு எதிரே இருக்கிற நாற்காலியில்தான் உட்காருகிறார்.

ஃபிரேமுக்கு ஆன செலவு பிரிண்டுக்கு ஆனதைவிட அதிகம். ஃபிரேம் கடையில் தங்க நிறச் சட்டத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள், விடாப்பிடியாக மறுத்துவிடுங்கள். மெல்லிய வெளிர் மரமே போதும். தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவில் மவுண்ட் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மையும் சேர்ந்து உரியும். மவுண்டும் பின்அட்டையும் அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். நான் கேட்ட இரண்டு கடைகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி முழித்தார்கள், கடைசியில் நானே வாங்கிக் கொடுத்தேன். அப்புறம், கண்ணாடியா அக்ரிலிக்கா என்றால் அக்ரிலிக் எடையில்லை, உடையாது, ஆனால் துடைக்கத் துடைக்கத் தூசியை இழுக்கும், சீக்கிரம் கீறல் விழும். எனக்குப் பிரதிபலிப்பு குறைந்த கண்ணாடிதான் சரிப்பட்டது.

அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் உயரத்தில் வருகிற மாதிரி மாட்டுவதுண்டு. ஹாலில் நாம் உட்கார்ந்துதானே பார்க்கிறோம், அதனால் அதைவிடக் கொஞ்சம் கீழே இறக்கினேன். சுவர் வெள்ளையோ தந்த நிறமோ என்றால் பிரச்சினை இல்லை. பச்சை, ரோஸ் பெயிண்ட் அடித்த சுவர் என்றால் இந்தப் படத்தை மறந்துவிடுங்கள்.

இதே மத்தீஸ் 1914-ல் இதே கொலியூரில் இன்னொரு ஜன்னல் வரைந்தார், நடுவில் கடலும் இல்லை படகும் இல்லை, கறுப்புதான். அது பாரீஸில் பொம்பிடூ மையம் என்ற நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இரண்டையும் ஜோடியாக மாட்டலாமா என்று யோசித்தேன். வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை, எனக்கும் இப்போது அந்த ஆசை குறைந்துவிட்டது.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. வெளிச்சுவர் என்றால் ஃபிரேமின் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ்கள் ஒட்டிவிடுங்கள், பின்னால் காற்று போனால் பூஞ்சை பிடிக்காது. கண்ணாடி துடைக்கிற திரவத்தைத் துணியில் அடித்துத் துடையுங்கள், நேராகக் கண்ணாடியில் அடித்தால் ஓரத்தில் வழிந்து மவுண்டுக்குள் இறங்கிக் கறையாகிவிடும்.