வேலம்பாளையம் லைன் வீடு, மூணு வருஷம் குடியிருந்ததுல தெரிஞ்சுது

திருப்பூர் 15 வேலம்பாளையத்துல ஒரு லைன் வீட்டுல (வரிசையா ஒட்டிக் கட்டுன வீடு) 2022 ஜூன்ல குடி போனோம், போன தீவாளி முடிஞ்சு காலி பண்ணுனோம். அதே லைன்ல இப்ப இன்னொரு வீடு காலியாகுதுன்னு கேள்விப்பட்டேன், பாக்கப் போறவங்க தெரிஞ்சுக்கட்டும்னுதான் எழுதறேன்.

நல்லதை மொதல்ல சொல்லிர்றேன். மொத்தம் எட்டு வீடு, தார்சு (காங்கிரீட் கூரை) போட்டது, அட்டை இல்லீங்க. ஒரு ரூம்பு, ஒரு சமையக்கட்டு, பின்னாடி பொடக்காலி (கொல்லை), கக்கூஸ் ரெண்டு வீட்டுக்கு ஒண்ணு. உப்புத் தண்ணி காலைலயும் சாயங்காலமும் விடுவாங்க. நல்ல தண்ணி ஆறு ஏழு நாளைக்கு ஒருக்காத்தான், ஆனா ஓனரம்மாவே குழாய்கிட்ட நின்னு எல்லா வீட்டுக்கும் சமமா கொடம் எண்ணி விடுவாங்க, அதுல ஒரு நாளும் ஓரவஞ்சனை பாத்ததில்ல. ராத்திரி நானும் பாப்பாவும் மட்டும் இருந்தாலும் பயமில்ல.

வாடகைன்னு சொல்றது சேரும்போது 5,500. அட்வான்ஸ் 30,000, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. ஒவ்வொரு ஜூனுக்கும் 500 ஏறி கடைசில 7,000ல வந்து நின்னுச்சு. ஆனா கைய விட்டுப் போறது அது மட்டுமில்லீங்க. கரண்டுக்கு சப் மீட்டர் (ஓனர் மீட்டர்ல இருந்து பிரிச்சு வெச்சது), யூனிட்டுக்கு 9 ரூவா. எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட் ஓடும், 1,620 ரூவா கட்டுவோம். இதே தனி மீட்டரா இருந்தா கவர்மெண்டு குடுக்கற 100 யூனிட் இலவசம் போக மிச்சத்துக்கு 300 ரூவா கூட வராது. வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் சேத்துத்தானே அந்த 100 யூனிட்டு, அது எங்க கைக்கு ஒரு தடவை கூட வந்து சேரல.

எனக்கு ரொம்ப வெசனமானது ஆள் கணக்குதான். மூணு பேருக்கு மேல இருந்தா தண்ணிக்குன்னு ஆளுக்கு 400 எச்சா கேப்பாங்க. எங்க அத்தை கூட இருந்தாங்க, பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா அவங்கதான் பாத்துக்குவாங்க, அதனால நான் பனியன் கம்பெனி செக்கிங்ல ஒண்ணரை ஷிப்ட் பாத்துட்டு எட்டரைக்கு வருவேன். 2025 ஜூன்ல 7,000 ஆனதும் அத்தையே "நான் ஊருக்குப் போறேன் கண்ணு, ஒரு செலவு கொறையுமில்ல"ன்னு துணியக் கட்டிக்கிட்டு வெள்ளகோவில் போய்ட்டாங்க. 400 மிச்சம்னு நெனச்சோம், ஆனா பாப்பா தனியா இருக்குதேன்னு நான் ஒரு ஷிப்டோட அஞ்சரைக்கே ஓடி வர வேண்டியதாப் போச்சு, அந்த அரை ஷிப்ட் சம்பளம் வாரத்துக்கே 400ஐத் தாண்டும். அதுக்கப்பறம் ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டுச்சு, ஆர்டர் நின்னு வீட்டுக்காரருக்கும் ஒண்ணரை ஷிப்ட் இல்லாமப் போச்சு. சனிக்கிழமை சம்பளம் பாதிக்குப் பாதி. வாடகை மட்டும் அஞ்சாந்தேதி ஆனா அதே 7,000. அந்த ரெண்டு மாசம் பாப்பா டியூசன நிறுத்துனோம், கறி எடுக்கல, மகளிர் குழு தவணைய மளிகைக் காசுல இருந்து கட்டுனோம்.

ஓனரம்மா கிட்ட 500 கொறைங்கன்னு கேட்டோம். பக்கத்து வீட்டுல வடக்கத்திப் பசங்க ஆறு பேரு, ஆளுக்கு 1,500 வீதம் 9,000 தர்றாங்க, உங்களுக்குக் கொறச்சா எனக்கென்ன லாபம்னாங்க. அந்தப் பசங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க, ஷிப்டுக்கு ஷிப்ட் மாறிப் படுக்கறாங்க, அவங்களுக்கும் வேற வழியில்ல. ஆனா புள்ளகுட்டியோட இருக்கற குடும்பம் அந்தக் கணக்குக்கு எப்படிப் போட்டி போட முடியும்?

அட்வான்ஸ் விஷயத்துல உஷாரா இருங்க. 2019 பிப்ரவரில இருந்து நடப்புல இருக்கற வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்த எழுத்துல போட்டுப் பதியணும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது, காலி பண்ணுனா ஒரு மாசத்துக்குள்ள திருப்பித் தரணும். எங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. பெயிண்டுக்குன்னு 7,000 புடிச்சுக்கிட்டு மிச்சம் 23,000 பொங்கலுக்கு முந்துன வாரந்தான் வந்துச்சு. புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க அதுக்குள்ள நகைய வெச்சுட்டோம்.

கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்கன்னா தாராளமா எடுங்க, தண்ணிக்கும் பாதுகாப்புக்கும் அந்தப் பக்கம் இதவிட நல்ல லைன் நான் பாக்கல. பெரியவங்களக் கூட வெச்சுக்கற குடும்பம்னா வேண்டாம். எடுக்கறதா இருந்தா தலைக்கு எவ்வளவு, யூனிட்டுக்கு எவ்வளவு, பெயிண்டுக்குப் புடிப்பாங்களான்னு மூணையும் எழுதி கையெழுத்து வாங்கிட்டு அட்வான்ஸ் குடுங்க.

நாங்க இப்ப பெருமாநல்லூர் தாண்டி இருக்கறோம், 5,000 வாடகை, தனி மீட்டர். பஸ்சுக்கு காலைல முக்கா மணி நேரம் முன்னாடியே கெளம்பணும். அத்தை போன ஞாயித்துக்கெழமை வந்துட்டாங்க.