ஆம்பில் சிவப்பு விளக்கு: வயரைக் கழற்றுவதா, வேறு ஆம்பை மாட்டுவதா?

காரில் பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுகொள்ளும் புரொடெக்‌ஷனில் படுத்துவிட்டால், பழுது ஆம்பிலா வயரிலா என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, நண்பரின் ஆம்பைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது. இன்னொன்று, ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்ப்பது. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

கடன் ஆம்ப் சட்டென்று பதில் சொல்வதுபோல் தோன்றும். அந்தப் பதில் பொய்யாகவும் இருக்கலாம். லூசாக இருந்த எர்த் (கார் பாடியோடு சேரும் வயர்), கழற்றி மாட்டும்போதே இறுகிவிடும், பாட்டு வரும், நல்ல ஆம்பைக் குப்பையில் போடுவோம். லோடிலும், அதாவது ஆம்ப் சுமக்கும் ஸ்பீக்கர் சுமையிலும் (ஓம் குறைந்தால் சுமை கூடும்), இதே கதை. இரண்டு 4 ஓம் சப்வூஃபரை (பாஸ் ஸ்பீக்கர்) பேரலலாக்கி பிரிட்ஜில், அதாவது ஆம்பின் இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து, கொடுத்தால் ஆம்புக்குத் தெரிவது 2 ஓம், ஒவ்வொரு சேனலுக்கும் 1 ஓம். நண்பரின் ஆம்ப் அதைத் தாங்கலாம், உங்களுடையது தாங்காது. அது பழுது இல்லையே! தவிர, ஸ்பீக்கர் வயர் ஷார்ட் ஆகியிருந்தால் நண்பரின் ஆம்பும் போகலாம், நட்பும் போகலாம்.

கழற்றும் வழிக்குப் பத்து நிமிடம் போதும். பேட்டரிப் பக்கத்து ஃபியூஸை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் வயர்களையும், பாட்டு சிக்னல் வரும் ஆர்.சி.ஏ. வயரையும் உருவுங்கள். பவர், எர்த், ரிமோட் (ஆம்பை ஆன் செய்யச் சொல்லும் வயர்) மூன்று மட்டும் இருக்கட்டும். ஃபியூஸைப் போட்டு ஆன் செய்யுங்கள். சிவப்பு போய்விட்டால் ஆம்ப் பெரும்பாலும் நலம். முதலில் ஆர்.சி.ஏ., அப்புறம் ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது சிவப்பு திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. கழற்றிய நிலையில் 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரை ஓம் போலக் காட்டும். அதன் வயருக்கும் கார் பாடிக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. என் காரில் பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் மட்டும் பாட்டு நிற்கும். சீட் கம்பி ஸ்பீக்கர் வயரைக் கடித்து வைத்திருந்தது.

மூன்று வயரோடும் சிவப்பு எரிந்தால் உடனே ஆம்பைத் திட்டவேண்டாம். புரொடெக்‌ஷனில் ஆம்ப் அதிகம் கரண்ட் இழுக்காது. அதனால் துருப்பிடித்த எர்த்கூட மீட்டரில் சாதுவாக 12.6 வோல்ட் காட்டும். ஆம்பின் பவருக்கும் எர்த்துக்கும் குறுக்கே 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை எரிய விடுங்கள். அது நாலரை ஆம்பியர் இழுக்கும். பல்பு மங்கினாலோ, வோல்ட் சரிந்தாலோ கோளாறு வயரில். பல்பு ஜம்மென்று எரிந்தும் சிவப்பு போகவில்லை என்றால், சரி, உள்ளேதான் ஏதோ போயிருக்கிறது.

கடன் ஆம்ப் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. அரை மணி நேரம் பாடி, சூடேறிய பிறகே நிற்கும் ஆம்ப். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால் அது சூடே ஆகாது; கழற்றும் வழி அங்கே உதவாது. அங்கேயும் லோடு, வயர், எர்த் மூன்றையும் சரிபார்த்த பிறகே நண்பரைக் கேளுங்கள்.

உள்ளே போயிருந்தால் பெரும்பாலும் மோஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) ஷார்ட். கடையில் எரிந்த ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் நின்று சேர்ந்து சுமந்தவையும் அடிபட்டிருக்கலாம். அந்த வரிசை முழுவதையும் கேட் ரெசிஸ்டர்களோடு (அவற்றோடு இணைந்த சிறு ரெசிஸ்டர்கள்) மாற்றச் சொல்லுங்கள். மலிவு ஆம்ப், போர்டும் கருகிவிட்டது என்றால் புதிதே வாங்கிவிடலாம்.