மூக்குல எடுத்த சதைய டெஸ்டுக்கு அனுப்பின ஆஸ்பத்திரி - அப்பா ஆபரேஷன் அனுபவம்

மதுரைல ஒரு ஈஎன்டி ஆஸ்பத்திரில அப்பாவுக்கு மூக்குல வளந்த சதைய எடுத்தோம், இது ரெண்டாவது ஆபரேஷன். ரெண்டு ஆஸ்பத்திரி பேரையும் இங்க போடல, ஏன்னா நான் எழுத வந்தது கைராசி பத்தி இல்ல, எடுத்த சதைய அப்புறம் என்ன பண்றாங்கங்கறது பத்தி.

மொத தடவ 3 வருஷம் முன்னாடி வேற ஊர்ல பண்ணினோம். வலது மூக்கு மட்டும் அடைப்பு, அப்பப்ப ரத்தம். சாதாரண பாலிப்தான் (மூக்குக்குள்ள வளர்ற சதை), எடுத்துட்டா சரியாயிரும்னாங்க, எடுத்தாங்க, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. டிஸ்சார்ஜ் சம்மரில பயாப்சின்னு, அதாவது எடுத்த சதைய லேப்ல பாக்குற டெஸ்ட் பத்தி, ஒரு வார்த்த கிடையாது, எங்களுக்கும் கேக்கணும்னு தெரியல. ஒண்ணர வருஷத்துல அதே பக்கம் திரும்ப வளந்துருச்சு. தலகாணி உறைல ரத்தக்கறையப் பாத்துட்டு அம்மா அழுதாங்க. அங்கயே போய் அந்த சதை என்னன்னு லேப்ல பாத்தீங்களான்னு கேட்டேன், அதெல்லாம் அன்னிக்கே போட்டாச்சுன்னுட்டாங்க. அந்த கோவம் எனக்கு இன்னும் ஆறல.

இந்த ஆஸ்பத்திரில டாக்டரம்மா மூக்குக்குள்ள எண்டோஸ்கோப்ப (கேமரா வச்ச குழாய்) விட்டு ஸ்கிரீன்ல காட்டினாங்க, செக்கச்செவேர்னு ஒரு சதை, மேல பொடிப்பொடியா வெள்ளப் புள்ளி. உடனே கேட்டது "ஐயா, கண்மாய்ல குளிப்பீங்களா?"ன்னுதான். எங்களுக்கு சிவகங்கை பக்கம், மாட்ட குளிப்பாட்டிட்டு அப்பாவும் அதே தண்ணிலதான் குளிப்பார், சின்ன வயசுலருந்தே அப்படித்தான். ரைனோஸ்போரிடியோசிஸா இருக்கலாம், கண்மாய் குளத்துத் தண்ணில இருக்கிற ஒரு கிருமியால மூக்குல சதை வளர்ற நோய் அது, நம்ம சிவகங்கை ராமநாதபுரம் பக்கம் இது அதிகம், ஆனா லேப்ல பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்னாங்க. சதைய எடுத்து அது முளைச்ச அடியயும் கரண்ட் வச்சு சுட்டாங்க, அப்படி சுடலேன்னா திரும்ப வருமாம்.

ஆபரேஷன் முடிஞ்சதும் சிஸ்டர் ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவோட வெளிய வந்தாங்க. உள்ள பார்மலின்ல (சதை கெடாம வைக்கிற மருந்துத் தண்ணி) சதை மிதக்குது, லேபிள்ல அப்பா பேரு, வயசு, "வலது மூக்கு", தேதி. "தம்பி, எல்லாம் சரியா இருக்கா பாத்து சொல்லுங்க"ன்னு என்னையே படிக்கச் சொன்னாங்க. பக்கத்து பெட் அண்ணனுக்கு ரெண்டு மூக்குலயும் பாலிப், அவருக்கு ரெண்டு டப்பா, வலது தனி இடது தனி. ஒரே டப்பால போட்டா நாளைக்கு ரிப்போர்ட்ல ஏதாவது தப்பா வந்தா எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்னு சிஸ்டரே விளக்கினாங்க. எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேல நம்பிக்க வந்தது அந்த எடத்துலதான்.

ரிப்போர்ட் 6 நாள்ல வந்துச்சு, டாக்டரம்மா சந்தேகப்பட்டதேதான். லேப் டாக்டர்கிட்ட கேட்டதுக்கு மைக்ராஸ்கோப்லயே பாக்க விட்டார். ரோஸ் கலர்ல வட்ட வட்டமா, தடிச்ச தோலோட, ஒவ்வொண்ணுக்குள்ளயும் கேழ்வரகு கொட்டி நெறச்ச மாதிரி அந்தக் கிருமியோட விதை. இது மனுசங்ககிட்டருந்து மனுசங்களுக்கு ஒட்டாதுன்னு அவர் சொன்னப்பறம்தான் அம்மாவுக்கு மூச்சு வந்துச்சு. இப்ப ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு திரும்ப வராம இருக்க டாப்சோன்னு ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க, சில மாசம் சாப்பிடணும், கண்மாய் குளியல் கூடவே கூடாது, 3 மாசத்துக்கு ஒருக்கா எண்டோஸ்கோப் பாக்கணும். இதெல்லாம் மொத தடவையே தெரிஞ்சிருக்க வேண்டியது.

எல்லாருக்கும் இந்த டெஸ்ட் தேவையான்னு டாக்டரம்மாகிட்டயே கேட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்ற அலர்ஜி பாலிப்ல வேற ஏதும் வர்றது ரொம்ப அபூர்வம், அதனால ஒவ்வொண்ணையும் அனுப்பணுமான்னு டாக்டர்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்குன்னாங்க. ஆனா ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ ரத்தம் வந்தாலோ அனுப்பாம விடவே கூடாதாம். இன்வெர்ட்டட் பாப்பிலோமான்னு ஒண்ணு இருக்கு, வெளிப்பார்வைக்கு பாலிப் மாதிரியேதான் இருக்கும், எடுத்தாலும் திரும்ப வரும், சிலருக்கு கேன்சராவும் மாறும். ரெண்டு பக்கமும் இருக்கிறவங்களுக்கும் அந்த சதைல ஈசினோபில் (அலர்ஜில கூடுற ஒரு வகை வெள்ளை அணு) எவ்வளவுன்னு பாத்தா அடுத்து என்ன மருந்துன்னு முடிவு பண்ண உதவும்னு சொன்னாங்க. என் கருத்து, எல்லாத்தையும் அனுப்பிடுங்க. எங்களுக்கு ஆபரேஷன் 48,000 ரூபா, பயாப்சி 900 ரூபா. அந்த 900 மொத தடவ கட்டியிருந்தா அப்பா ரெண்டாவது தடவ தியேட்டருக்குள்ள போகாம இருந்திருக்கலாம்.

குறைன்னா, ஓபில 3 மணி நேரம் காத்திருந்தோம், பயாப்சிக்கு தனி பில்லுன்னு முன்னாடியே சொல்லல, ரிப்போர்ட்ட கவுண்டர்ல கைல குடுத்துடுறாங்க, நாமளா போய் கேட்டாத்தான் விளக்குறாங்க. அதனால 5க்கு 4. ரிப்போர்ட் வாங்க சாயங்காலம் 4 மணிக்கு மேல போங்க, டாக்டரம்மா அப்பதான் இருப்பாங்க, பழைய சிடி ஸ்கேன் பிலிமையும் மறக்காம கையோட எடுத்துட்டுப் போங்க.